ஏறத் தெரியாத மூன்று பேர்

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் காலை ரயிலுக்காக நிற்கும் கூட்டத்தில் நாங்கள் மூன்று பேர் நான்கு வருடங்களாகக் கூட்டாளிகள். ஒரே பெட்டியில் ஏறுவோம், இடம் கிடைத்தால் ஒன்றாக உட்காருவோம், கிடைக்காவிட்டால் ஒன்றாக நிற்போம். நான் பெங்களூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலையிலிருந்து மதியம் வரை ஊசி குத்தி ரத்தம் எடுப்பதுதான் என் வேலை. வயது முப்பத்தொன்பது, எடை நாற்பத்தாறு கிலோ. எடையை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

இரண்டாமவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆள் வாட்டசாட்டம், குரலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பாடல் குழுவில் அவள் ஒருத்தி பாடினால் மைக் தேவைப்படாது. மூன்றாமவள் பேத்தமங்களாவிலிருந்து ஸ்கூட்டியில் வந்து எங்களோடு ரயில் பிடிப்பவள். இருபத்தாறு வயது. கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் வேலை. ஒல்லி, நெட்டை. பேச்சில் பாதி கன்னடம், கால்பங்கு இங்கிலீஷ், மிச்சம்தான் தமிழ். அவளை நாங்கள் சின்னவள் என்போம்.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது சின்னவள்தான். ஒரு நாள் ரயிலில் செல்போனை எங்கள் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“அக்கா, நோடி! நம்ம மைசூர் மைன்ஸ்ல க்ளைம்பிங் ஜிம் ஓப்பன் பண்ணியிருக்காங்க. ஷெட்டுக்குள்ளாரவே செவுரு ஏறலாம். கயிறெல்லாம் கட்டி விடுவாங்க. போலாமா?”

நர்ஸ் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். மரப்பலகைச் சுவர். அதில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கொழுக்கட்டை கொழுக்கட்டையாக ஏதோ ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு பெண் தொங்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னாமே இது? எங்க ஆஸ்பத்திரில எலும்பு வார்டுல எடம் இல்லாம கெடக்குது. நாமளும் போய்ப் படுக்கணுமா?”

“ஸேஃப் அக்கா. ஃபுல் ஸேஃப்.”

“நீ ஏறுவே. நீ ஒட்டகம். நாங்க?”

நான் அந்தப் படத்தை மறுபடி ஒரு முறை வாங்கிப் பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் முகம் தெரியவில்லை. முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகில் ஏதோ ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. பெங்களூர் வருவதற்குள், “சனிக்கெழமை மத்தியானம் போய்ப் பாக்கலாம், பாக்கறதுக்கு இன்னா?” என்று சொன்னவள் நான்தான்.

தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரில் உயரமான காலி ஷெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. பழைய பட்டறை ஒன்றின் உள்ளேதான் அந்தச் சுவரைக் கட்டியிருந்தார்கள். மூன்றாள் உயரத்துக்கு மேலேயே இருக்கும். தரையில் தடித்த மெத்தைகள். நடத்தியவள் இதே ஊர்ப் பெண், என் வயதுக்காரி. பெங்களூரில் இப்படிப்பட்ட ஜிம்களில் பல வருடம் வேலை செய்துவிட்டு, சொந்தமாக ஆரம்பிப்போம் என்று ஊருக்கு வந்திருந்தாள். சின்னவள் அவளை ‘கோச்’ என்று கூப்பிட்டாள். அதுவே எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

நர்ஸ் தன் மகனுடைய ட்ராக் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இடுப்பையும் இரண்டு தொடைகளையும் சுற்றிப் போடும் ஹார்னஸ் என்ற பட்டையைக் கோச் அவளுக்குக் கட்டி இறுக்கியபோது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“எத்தினி பேஷண்டுக்கு நான் பெல்ட்டு கட்டியிருப்பேன்! எனக்கு ஒருத்தங்க கட்றது இதான் மொத தடவ.”

காலணிகள்தான் கொடுமை. விரல்கள் மடங்கும் அளவுக்கு இறுக்கம். “இப்டித்தான் இருக்கணும்,” என்றாள் கோச். “லூசா இருந்தா கால் எங்க இருக்குதுன்னு உங்களுக்கே தெரியாது.” பிறகு அவள் சொன்னது இரண்டே விஷயம். ஒரே நிறப் பிடிகளை மட்டும் பிடித்து ஏற வேண்டும். உச்சியில் ஒரு சைக்கிள் மணி இருக்கும், அதை அடித்தால் ஏறி முடித்ததாக அர்த்தம். கயிற்றின் ஒரு நுனி ஏறுகிறவளின் இடுப்பில். அது மேலே இரும்புக் குழாயைச் சுற்றிக் கீழே வந்து கோச்சின் இடுப்பிலிருந்த ஒரு சின்னக் கருவிக்குள் நுழைந்தது. ஏறுகிறவள் விழுந்தால் கீழே நிற்பவள் கயிற்றை நிறுத்திவிடுவாள். இதற்கு பிலே என்று பெயர்.

சின்னவள் முதலில் ஏறினாள். எட்டிப் பிடித்து, எட்டிப் பிடித்து, ஒரு நிமிடத்தில் மணி அடித்தாள். நர்ஸ் நான்காவது பிடியில் வழுக்கிக் கயிற்றில் ஊஞ்சலாடினாள். ஊஞ்சலாடிக்கொண்டே, “ஐயோ, இது நல்லாக்கீதே!” என்று கத்தினாள்.

மூன்றாவதாக நான்.

எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. நாய் துரத்தினால் ஓடுவோமே, அப்படி ஏறினேன். கீழே பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. அடுத்த பிடி, அடுத்த பிடி. திடீரென்று கைக்கு நேரே சைக்கிள் மணி. டிரிங் டிரிங் என்று அடித்தேன். கீழே இருவரும் கைதட்டினார்கள். வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷத்தை எப்போது கடைசியாக அனுபவித்தேன் என்று யோசித்தபடியே கீழே பார்த்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது.

“சூப்பர் மேடம்! கைய விட்டுட்டு பின்னால சாஞ்சு உக்காருங்க. நான் மெதுவா எறக்கறேன்,” என்றாள் கோச்.

“முடியாது,” என்றேன்.

“கயிறு டைட்டா கீது மேடம். ஒண்ணும் ஆவாது.”

“நான் அப்டியே கால வச்சு எறங்கிக்கறேன்.” காலை நகர்த்தப் பார்த்தேன். கால் நகரவில்லை. தையல் மிஷின் ஊசிபோல் முழங்கால் மேலும் கீழும் ஆடியது. கைகள் இரண்டும் பிடிகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. உள்ளங்கை வேர்வையில் வழுக்க வழுக்க இன்னும் இறுக்கினேன்.

எத்தனை நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. பத்து நிமிடம் என்பாள் சின்னவள். கோச் பொறுமையாகப் பேசிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. கடைசியில் நர்ஸின் குரல் கேட்டது. சிரிப்பில்லாத குரல். ஆஸ்பத்திரிக் குரல்.

“ஏம்மே. காலைல உங்கிட்ட ரத்தம் குடுக்க வர்றவங்க கைய இறுக்கினா இன்னா சொல்லுவே?”

“லூசா விடுங்கன்னு சொல்லுவேன்.”

“அப்பறம்?”

“வேற பக்கம் பாருங்கன்னு சொல்லுவேன்.”

“பாரு, அப்போ. செவுத்தைப் பாரு. எடது கைய மட்டும் லூசா விடு. அவ்ளோதான். வலது அப்பறமா பாத்துக்கலாம்.”

இடது கையை விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. வலது கையை விட்டேன். இடுப்புப் பட்டை என்னைத் தாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்தேன். கீழே இறங்கி மெத்தையில் கால் பட்டதும் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். வாயிலிருந்து வந்ததோ வேறு.

“இன்னொரு தரம் ஏறவா?”

திங்கட்கிழமை காலை சீப்பைப் பிடிக்க முடியவில்லை. முழங்கைக்குக் கீழே விறகுக்கட்டைபோல் இறுகியிருந்தது. தோசைக் கரண்டி கையிலிருந்து நழுவியதைப் பார்த்து என் கணவர், “இன்னா, செவுரு ஏறி ஏறி பல்லியாவே மாறிட்டியா?” என்றார். வேலையில் கை தவறி யாராவது ஒரு நோயாளிக்கு இரண்டு முறை குத்திவிடுவேனோ என்ற பயம் வேறு. நல்லவேளை, ஊசி பிடிக்கும் விரல்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன. ஆனால் வருகைப் பதிவு மிஷின் என் கட்டைவிரலை ஏற்றுக்கொள்ளவில்லை. தோல் தேய்ந்து ரேகை மழுங்கிப்போயிருந்தது. ஐந்து முறை வைத்தேன், ஐந்து முறையும் சிவப்பு விளக்கு. மேலாளர் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பாத்திரம் தேய்க்க சோப்பு மாத்தினீங்களா?” என்று கேட்டார். நான் சுவர் ஏறியதாகச் சொன்னேன். அவர் அதன் பிறகு என்னிடம் வேறு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் போனோம். அதற்கடுத்த சனிக்கிழமையும். மாதா கோயில் பூசை முடிந்து நர்ஸ் நேராக வந்துவிடும் ஞாயிறுகளும் சேர்ந்துகொண்டன. ரயிலில் எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது. முன்பெல்லாம் மாமியார், பிள்ளைகளின் பரீட்சை, பெங்களூர் டிராஃபிக் என்று போகும். இப்போது எந்தக் கால் எங்கே, எந்தப் பிடி வழுக்குகிறது, எது சொம்பு விளிம்புபோல் வாகாக இருக்கிறது. கயிற்றை இடுப்பில் கட்டுவதற்கு எட்டு வடிவத்தில் ஒரு முடிச்சு உண்டு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்தால்தான் பிலே கற்றுத் தருவேன் என்று கோச் சொல்லியிருந்தாள். நர்ஸ் ஒரு நாடாவைக் கொண்டுவந்து ரயில் ஜன்னல் கம்பியில் கட்டிப் பழகினாள். எதிரில் உட்கார்ந்திருந்த டீச்சர் ஒருவர், “இப்டியா?” என்று தன் பையின் வாரில் போட்டுப் பார்த்தார். பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் எங்கள் வரிசையில் ஆறு பெண்கள் எட்டு முடிச்சு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு அம்மா போட்ட முடிச்சைப் பிரிக்கவே முடியவில்லை. அவர் பையை அப்படியே தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப்போனார்.

ஆறாவது வாரம் பிலே கற்றுக்கொண்டோம். எங்கள் உயிரை நாங்களே ஒருவருக்கொருவர் பிடிக்கிற வேலை. ஏறுகிறவளும் பிடிக்கிறவளும் ஒருவர் முடிச்சை ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும், பட்டையில் கயிறு மாட்டும் பூட்டுகளை அழுத்திப் பார்க்க வேண்டும். வலது கை கயிற்றை எந்த நேரத்திலும் விடக் கூடாது. கொசு கடித்தாலும் விடக் கூடாது, தும்மல் வந்தாலும் விடக் கூடாது. கோச் என்னைத் தனியாக அழைத்து இன்னொன்றும் சொன்னாள். நர்ஸுக்கும் எனக்கும் எடை வித்தியாசம் அதிகம். அவளுக்கு நான் பிலே செய்யும்போதெல்லாம் தரையிலிருக்கும் மணல் மூட்டையோடு என் பட்டையைக் கொக்கியால் இணைத்துக்கொள்ள வேண்டும்.

“இல்லன்னா இன்னா ஆவும்?” என்று கேட்டேன்.

“பறப்பீங்க,” என்றாள்.

இரண்டு வாரம் தவறாமல் மாட்டினேன். மூன்றாவது வாரம் நர்ஸ் சிவப்புப் பாதையை முதல் முறையாக முடிக்கும் வெறியோடு வந்திருந்தாள். ஐந்து சனிக்கிழமைகள் அது அவளைத் தள்ளியிருந்தது. ஏதோ திருமணத்துக்குப் போவதுபோல மூன்று பேருக்கும் ஒரே பரபரப்பு. முடிச்சைப் பார்த்தேன், பூட்டைப் பார்த்தேன். அவளும் என்னுடையதைப் பார்த்தாள். “போ அக்கா, போ!” என்று கத்தினேன். மணல் மூட்டை சுவரோரம் அப்படியே கிடந்தது.

அவள் பிரமாதமாக ஏறினாள். அவ்வளவு பெரிய உடம்பு, பூனைபோல் கால் வைத்தது. ஒவ்வொரு பிடிக்கும் நான் கயிற்றை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன். சைக்கிள் மணிக்கு ஒரு முழம் கீழே போய்விட்டாள். கையை நீட்டினாள். கால் வழுக்கியது.

என் இடுப்பை யாரோ பிடித்து மேலே உருவினார்கள். தரை போய்விட்டது. சுவரின் பலகைகள் என் முன்னால் சர்ரென்று கீழே ஓடின. பச்சைப் பிடி ஒன்று தோளில் இடித்தது. வலது கை கயிற்றைப் பிடித்தபடி தொடையோடு ஒட்டியிருந்தது மட்டும் தெரிந்தது. பாதிச் சுவரில், மூக்குக்கு மூக்கு, நர்ஸின் முகம். அவள் இறங்கிக்கொண்டிருந்தாள், நான் ஏறிக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டிக் கீழே போக இருந்தவள், எட்டி ஒரு பெரிய பிடியைக் கட்டிக்கொண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டாள். இரண்டு பேரும் நின்றோம். நான் காற்றில்.



“நீ இங்க இன்னாமே பண்றே?” என்றாள் நர்ஸ்.

எனக்குச் சிரிப்பு வெடித்தது. அவளுக்கும். தொங்கிக்கொண்டே சிரித்தோம். கீழேயிருந்து சின்னவள், “சிரிக்காதீங்க! அக்கா, சிரிக்க பேடா!” என்று அழுகிற குரலில் கத்தினாள். கோச் ஓடி வந்தாள்.

“கயித்த விட்டீங்களா?”

“விடல.”

“விடாதீங்க. அக்கா, நீங்க செவுத்த நல்லா கட்டிப் புடிச்சுக்குங்க. மேடம், நீங்க கொஞ்சம் கொஞ்சமா கயித்தக் குடுத்து கீழ வாங்க.”

நர்ஸின் எடையே எனக்கு நங்கூரம். கருவி வழியாகக் கயிற்றை விரல் விரலாக விட்டு நான் இறங்கினேன். தரையில் கால் பட்டதும் கோச் முதலில் என்னை மணல் மூட்டையோடு மாட்டினாள். பிறகு நர்ஸை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். அதற்கப்புறம்தான் அவள் என்னைப் பார்த்தாள். குரலை உயர்த்தவேயில்லை.

“உங்க கை நல்ல கை. ஆனா தலை இங்க இல்ல. ரெண்டு வாரம் நீங்க யாரையும் பிடிக்கக் கூடாது.”

அத்தனை சிரிப்பும் ஒரே நொடியில் வடிந்தது. அந்த ஒரு மூட்டையை நான் எப்படி மறந்தேன்? அவள் பெரிய பிடியை எட்டாமல் போயிருந்தால்? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே திருப்பித் திருப்பி நினைத்தேன். தோளில் நீலமாக வீங்கியிருந்ததைப் பார்த்துக் கணவர் கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கனரக இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் வெல்டிங் பரிசோதிக்கிறவர். மறுநாள் டார்ச் லைட்டும் சின்னச் சுத்தியலுமாக என்னோடு ஷெட்டுக்குக் கிளம்பினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கோச்சிடம் அனுமதி கேட்டு, ஏணி போட்டு ஏறி, குழாய்கள் சேரும் இடங்களையெல்லாம் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். போல்ட்டுகளை ஆட்டிப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம். நாங்கள் மூன்று பேரும் கோச்சும் பரீட்சை எழுதிய பிள்ளைகள்போல் மெத்தையில் உட்கார்ந்திருந்தோம். இறங்கிவந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஃப்ரேம் நல்லாத்தான் கீது. மொதத்தர வேல,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீதான் மறந்துட்டே.”



இரண்டு வாரம் நான் யாரையும் பிடிக்கவில்லை. ஏறினேன், ஆனால் மனம் ஒட்டவில்லை. மூன்றாவது வாரம் கோச் என்னை மறுபடி முதலிலிருந்து சோதித்தாள். தேறிவிட்டேன். ஆனாலும் நர்ஸ் ஏறத் தயாரானபோது நான் சின்னவளை முன்னால் தள்ளினேன்.

“நீ புடி,” என்றேன்.

நர்ஸ் கயிற்றின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். “அவ எதுக்கு? நீ வா.”

“வேணாம் அக்கா. எனக்கு பயமாக்கீது.”

“எனக்கும்தான் பயம். உன்ன பாதிச் செவுரு ஒசரம் தூக்கியும் நீ கைய விடல. இவ விடுவாளா மாட்டாளான்னு எனக்கு இன்னா தெரியும்? தெரிஞ்ச கைதான் எனக்கு வேணும். வா.” பிறகு காலால் மணல் மூட்டையை என் பக்கம் தள்ளினாள். “மொதல்ல இத மாட்டு.”

மாட்டினேன். கொக்கியை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். அன்றைக்கு அவள் சிவப்பு உச்சியில் மணியை அடித்த அடியில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்துபோயின.

எனக்கு மஞ்சள் பாதை மிச்சமிருந்தது. அது என் எதிரி. ஐந்தாவது பிடிவரை எளிது. ஆறாவது எனக்கு எட்டாது. சின்னவள் நின்ற இடத்திலிருந்து சோம்பல் முறிப்பதுபோல் கை நீட்டித் தொட்டுவிடுவாள். நான் குதித்துப் பார்த்தேன், விரல் நுனி உரசும், விழுவேன். ஒரே நாளில் பதினான்கு முறை விழுந்திருக்கிறேன். விழுவது பழகிப்போனதால் பயம் என்னவோ போய்விட்டது. கோபம்தான் வந்தது.

“குள்ளமானவங்களுக்கு இதுல வழி இல்ல கோச்,” என்று சண்டை பிடித்தேன்.

“இருக்கு,” என்றாள்.

“எங்க?”

“சொல்ல மாட்டேன்.”

ஏழு வாரம் சொல்லவில்லை. நான் ரயிலில் கண்ணை மூடினால் அந்தச் சுவர்தான். பரிசோதனைக் கூடத்தில் ஒரு தாத்தாவின் கையில் நரம்பைத் தேடும்போதுகூட ஐந்தாவது பிடியில் எந்தக் கை இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர், “இன்னாம்மா, கெடைக்கலியா?” என்று கேட்டார். “கெடச்சிரும் ஐயா,” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் வந்திருந்தார். வேலை ஏதும் இல்லாததால் வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒரு ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் எனக்குக் கயிறு பிடித்தாள். இரண்டு முறை விழுந்தேன். மூன்றாவது முறை ஐந்தாவது பிடியில் தொங்கிக்கொண்டு மேலே முறைத்தபோது கீழேயிருந்து நர்ஸ் சொன்னாள்.

“எப்பப் பாரு மேலயே பாக்குறியே. உன் இடுப்புக்கு வலது பக்கத்துல ஒண்ணு கீது பாரு.”

பார்த்தேன். மஞ்சளில் ஒரு சின்ன மேடு. அதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கைக்கான பிடி, தாண்டி வந்துவிட்டோம் என்று விட்டிருந்தேன். இடுப்பு உயரத்தில் இருப்பதில் கால் வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வலது காலைத் தூக்கினேன். முட்டி நெஞ்சைத் தொட்டது. குதிகாலை அந்த மேட்டில் கொண்டுபோய் வைத்தேன். உடம்பை மெல்ல அந்தப் பக்கம் சாய்த்தேன். எடை முழுவதும் கைகளிலிருந்து கழன்று அந்த ஒரு காலுக்குப் போவது தெரிந்தது. பிறகு எழுந்து நின்றேன். குதிக்கவில்லை, எம்பவில்லை. சும்மா எழுந்து நின்றேன். ஆறாவது பிடி என் முகத்துக்கு நேரே இருந்தது.

“ஐயோ!” என்று கத்தியது நான்தான். கையால் பிடிக்கக்கூட மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“புடி! புடி! புடிச்சுக்கினு அப்பறம் கத்து!” என்று நர்ஸ் அலறினாள். சின்னவள் “சக்கத்தா அக்கா! சக்கத்தா!” என்று மெத்தையில் குதித்தாள். பிடித்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. அவையெல்லாம் எனக்கு நினைவில்லை. மணி அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். முன்பொரு நாள் இறங்கத் தெரியாமல் தொங்கிய அதே உயரத்தில் கைகளை விட்டுவிட்டு, பட்டையில் சாய்ந்து, கால்களைச் சுவரில் ஊன்றி உட்கார்ந்துகொண்டு கீழே பார்த்தேன். என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். டீ டம்ளர் சாய்ந்து சட்டையில் கொட்டியதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.

இறங்கி வந்ததும் கோச் என் முதுகில் ஒரு அறை வைத்தாள். “நல்ல வேள, இன்னிக்கே முடிச்சீங்க. மஞ்சள நாளைக்கு கழட்டிடுவேன்.”

“கழட்டறதா? எதுக்கு?”

“எல்லாப் பாதையும் கொஞ்ச நாளுக்குத்தான். புதுசு போடணும்ல? இல்லன்னா எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிரும்.”

எட்டிப் பிடித்த அன்றைக்கே அது இல்லாமல் போகிறதா? ஆனால் அவள் அடுத்துச் சொன்னதில் அந்த வருத்தம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

“நாளைக்கு லீவுதானே உங்களுக்கெல்லாம்? வாங்க. புதுசா நீங்களே ஒண்ணு போடுங்க.”

மறுநாள் பண்டிகை விடுமுறை. காலையிலேயே போய்விட்டோம். மஞ்சள் பிடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாளித் தண்ணீரில் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தோம். எங்கள் கை வேர்வையும், வழுக்காமலிருக்கக் கையில் பூசிய சாக்பீஸ் பொடியும் கறுப்பாக ஓடின. கழுவியவற்றை வெயிலில் வடாம்போல் பரப்பினோம். பிறகு பெட்டியிலிருந்து ஊதாநிறப் பிடிகளைக் கொட்டி, சுவரின் முன்னால் உட்கார்ந்து சண்டை போட ஆரம்பித்தோம். சின்னவளுக்கு எல்லாம் தூரம் தூரமாக வேண்டும். நர்ஸுக்குக் கால் வைக்க அகலமாக வேண்டும். எனக்கு இடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று கட்டாயம் வேண்டும். கோச் ஒரு ஓரமாக உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஸ்பேனர் என் கைக்கு வந்தது. நர்ஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நான் இரண்டு படி ஏறி முதல் ஊதாப் பிடியைச் சுவரில் வைத்துப் பார்த்தேன்.

“இன்னும் ஒரு சாண் மேல,” என்றாள் சின்னவள்.

“கீழ,” என்றாள் நர்ஸ்.

நான் தரையில் நின்றால் என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்து முடுக்கினேன்.